அயலான் என்ற சொல்லும் அப்பாவின் கேள்விக்குறியும்

அப்பா,

என் விரல்களில் இன்னும் கிரீஸ் வாசனை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உண்மையைச் சொன்னால், நான் நன்றாகத் தேய்த்துக் கழுவவில்லை. உங்களுடைய அந்தச் சின்னப் புத்தகத்தை இன்று மத்தியானம் முழுவதும் கையில் வைத்திருந்தேன். பள்ளிக்கூட மேடையில், ஒலிபெருக்கிக்கு முன்னால்! வியர்வை பட்டதும் அட்டையில் இருந்த உங்கள் கட்டைவிரல் தடம் ஈரமாகி, அந்த வாசனை திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இது உங்களை வந்து சேராது என்று எனக்குத் தெரியும். "செத்தவனுக்குக் கடுதாசியா? எந்த ஊரு முத்திரை குத்துவான் தபால்காரன்?" என்று நீங்களே கேட்டுச் சிரிப்பீர்கள். வீட்டில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். பேனா எடுத்தால் 'நீங்கள்' வந்துவிடுகிறது. அதற்கும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் முதல் ஷிப்டு முடித்து வந்து வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ் ஞானப்பூ அத்தை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நீலப் பட்டுச்சேலையில், சர்ச்சுக்குப் போய்த் திரும்பும் வழியில் வேலியருகே நின்றார். கையில் துண்டுப் புத்தகங்கள். இயேசு மலைமேல் செய்த உபதேசம் மட்டும் இருக்கிற இருபது பக்கம்.

"அண்ணாச்சி, சாமி இல்லைன்னு சொல்லுதிய. சரி. இதைப் படிச்சிட்டு இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க பாப்போம்."

"படிச்சுட்டுச் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே தங்கச்சி?"

"தப்பே இல்லையே, பெறகு எங்க கோவம்?"

வேறு யாராக இருந்தாலும் வாங்கி மடித்து ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். நீங்கள் கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் அங்கேயே படிக்கத் தொடங்கினீர்கள். உள்ளே வந்து என் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டீர்கள். மைன்ஸில் பெல்ட்டு இணைப்புகளைப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறி போடுவீர்களே, அதே மூன்று குறிகள். சரிக்குறி என்றால் ஓடும். பெருக்கல் குறி என்றால் கழட்டு. கேள்விக்குறி என்றால் ஓடவிட்டுப் பார்க்கணும். நிலக்கரி சுமந்து போகும் பெல்ட்டை எப்படித் தடவிப் பார்ப்பீர்களோ, அப்படி ஒவ்வொரு வரியையும் விரலால் தடவினீர்கள்.

வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்ற இடத்தில் இரண்டு சரிக்குறி. பிறர் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே அவர்களுக்குச் செய் என்ற இடத்தில் ஒரு சரிக்குறி போட்டுவிட்டு, "இதச் சொல்ல சாமி எறங்கி வரணுமா? அடி வாங்கினவனுக்குத் தானாத் தெரியும்" என்றீர்கள். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற வரிக்குப் பெரிய பெருக்கல் குறி! "நாளையப் பத்தி யோசிக்காம இருந்தா எவன் தலைமேல பெல்ட்டு அறுந்து வுழும்?" பரலோகத்தில் பலன் கிடைக்கும் என்று வரும் இடங்களையெல்லாம் வரிசையாக அடித்துக்கொண்டே போனீர்கள். ஏன் என்று கேட்டேன். "கூலி கேட்டுகினு செஞ்சா அது கான்ட்ராக்டு வேல, பாப்பா. நல்லது செய்யறதுல மனுசன் பர்மனென்டா இருக்கணும்."

இதை நான் அப்போதே நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்று எங்கே சொன்னேன் என்று பொறுங்கள், வருகிறேன்.

கடைசிப் பக்கத்தில் அத்தை கைப்பட எழுதியிருந்த ஒரு வரி இருந்தது: உன் அயலானையும் உன்னைப் போல நேசி. அதைப் படித்ததும் உங்கள் முகம் சிவந்துவிட்டது. புத்தகத்தோடு எழுந்து நேரே வேலிக்குப் போனீர்கள். நான் பயந்து பின்னால் ஓடினேன்.

"தங்கச்சி! இது யாரு சொல்லி எழுதினது? எங்களுக்காகவே எழுதினீங்களா?"

"எது அண்ணாச்சி?"

"அயலான நேசிக்கணும்னு போட்டிருக்குதே! மைன்ஸுக்கு ஊரக் குடுத்துட்டு நாங்க வெளிய நின்னுகினு இருக்கறோம். மதுரயிலேருந்து வந்தவன், கோயம்புத்தூர்லேருந்து வந்தவன், எல்லா அயலானும் நாற்காலியில உக்காந்துகினு இருக்கறான். அவன நாங்க நேசிக்கணுமா? அவன் எங்கள நேசிக்க வாணாமா?"

அத்தைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"ஐயோ அண்ணாச்சி! எங்க ஊருல அயலான்னா பக்கத்து வீட்டுக்காரவுக! அயல்வீடுன்னு சொல்ல மாட்டியளா? வெளியூர்க்காரன்னு யாரு சொன்னா?"

வேலியைப் பார்த்தீர்கள். பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அப்ப நீங்க எனக்கு ரெண்டு அர்த்தத்துலயும் அயலான்தான்."

அந்த வரிக்கு அன்றைக்குப் போட்டதுதான் கேள்விக்குறி. ஓடவிட்டுப் பார்க்கணும்.

ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்ற விஷயத்தில்தான் சிரிப்பு இல்லாமல் போனது. பெருக்கல் குறியைப் பென்சில் முனை ஒடியும்படி போட்டிருந்தீர்கள். அத்தை ஏன் என்று கேட்டபோது, முந்திரித்தோப்பில் கொட்டை குறைகிறது என்று உங்கள் அப்பாவைத் தோப்புக்காரர் அறைந்ததைச் சொன்னீர்கள். நீங்கள் எட்டு வயதில் கூடையோடு பக்கத்தில் நின்றீர்களாம். "மறு கன்னத்தக் காட்டுன்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வாணாம், தங்கச்சி. ரெண்டு கன்னமும் எப்பவோ பழுத்துதான் கெடந்துது. இத அறையறவன்கிட்ட போயிப் படிச்சுக் காட்டுங்க."

அத்தை அந்தக் குறியைக் குனிந்து பார்த்தார். பிறகு, "எங்க தாத்தாவும் அறை வாங்கினவுகதான். அதனாலதான் கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்தாவ," என்றார்.

"சேந்தப்பறம் அறை நின்னுதா?"

"கொஞ்சம் நின்னுச்சு."

"அப்டின்னா அதுக்குப் பாதி சரிக்குறி," என்று பென்சிலை எடுத்தீர்கள். இப்போதும் அந்தப் பக்கத்தில் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் வாலில்லாத ஒரு சரிக்குறி இருக்கிறது.

அத்தையின் வீட்டுக்காரர் காய்ச்சலில் நினைவு தப்பியபோது சைக்கிளில் உட்காரவைத்து, விழாமல் துண்டால் உங்களோடு சேர்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு மிதித்தீர்கள். திரும்பி வந்ததும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டு, "ஒங்களுக்கே தெரியாம நீங்க கிறிஸ்தவரு அண்ணாச்சி" என்றார். "ஒரு நல்லது செஞ்சா ஒடனே ஞானஸ்நானம் குடுத்துடுவீங்களா?" என்று நீங்கள் கத்தியதில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

அந்தக் கதவு வசந்தி வீட்டுக் கதவு. அவளைத்தான் சொல்லப்போகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். என் வகுப்பு, என் பெஞ்சு. உங்களுக்கு மார்வலி வந்து, மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. பத்து நாள் கழித்து நான் பள்ளிக்குப் போனேன். தண்ணீர்க் குழாயடியில் மற்ற பெண்களோடு நின்ற வசந்தி, நான் பின்னால் வருவது தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சாமி இல்லைன்னே சொல்லீட்டு இருந்தாரல்லோ? சாமி கேட்டுப்போட்டுது."

அப்பா, நான் அழவில்லை. பெஞ்சு மாறி உட்கார்ந்தேன். ஏழு மாதம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. 'சாமி கேட்டுப்போட்டுது' என்பது வகுப்பு முழுக்கச் சுற்றிவந்தது. அம்மாவுக்கு மைன்ஸ் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டாம் என்று ஆனபோதுகூட, "பரவாயில்லை, சாமி மன்னிச்சிடுச்சு" என்று ஒருத்தி சொன்னாள். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் உங்களைக் குற்றவாளியாகவே நிறுத்தினார்கள். உங்கள் பெயரை நிமிர்த்த எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

இலக்கிய மன்றப் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு ஒட்டினார்கள்: அறம் எங்கிருந்து பிறக்கிறது? நான் ஓடிப்போய் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். பேச்சின் கடைசியில் அந்தக் குழாயடி வாக்கியத்தைச் சொல்லி, சொன்னவள் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள் என்று கை நீட்டுவதாக முடிவு செய்தேன். பதினாறு முறை கண்ணாடி முன்னால் கை நீட்டிப் பார்த்தேன்.

அத்தையிடம் மட்டும் ஒரு பயம். போட்டிக்கு அவர் வருவதாக இருந்தது. "மலை உபதேசத்துல அப்பா தப்புன்னு போட்டதையும் சொல்லுவேன் அத்தை. கோவிச்சுக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, நீ கூட்டிச் சொன்னேன்னா ஒரு காதைத் திருகுவேன். பயந்துக்கிட்டு விட்டேன்னா ரெண்டு காதையும் திருகுவேன்."

இனி இன்று மத்தியானம்! கூடம் நிறைந்திருந்தது. எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அறம் கடவுளிடமிருந்து பிறக்கிறது என்றார்கள். நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். என் தந்தைக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, ஆனால் இந்த உபதேசத்தை அவரைப் போல் கவனமாகப் படித்தவர் எங்கள் பிளாக்கில் இல்லை என்று தொடங்கினேன். மூன்று குறிகளையும் சொன்னேன். அயலான் கதையைச் சொன்னபோது பின்வரிசையில் மைன்ஸ்காரர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கான்ட்ராக்டு, பர்மனென்டு என்றேன். அப்பா, கைதட்டல்! தலைமையாசிரியரே மேசையைத் தட்டினார். ஒரு போதனை யார் வாயிலிருந்து வந்தது என்பது அதன் தகுதி ஆகாது, சுமை ஏற்றி ஓடுகிறதா என்பதே தகுதி என்றேன். இது என் சொந்த வாக்கியம்.

மறு கன்னத்தையும் சொன்னேன். தோப்பு, கூடை, தாத்தா. அத்தை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

அடுத்ததுதான் குழாயடி வாக்கியம். கையை எடுத்தேன். மூன்றாம் வரிசையில் வசந்தி தலையைக் குனிந்து, ரிப்பனைப் பற்களால் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு காத்திருந்தாள், அறை வாங்கப்போகிறவர்கள் காத்திருப்பார்களே அப்படி.

அப்பா, அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நீங்கள், தாத்தா, நம் ஆட்கள் எல்லோரும் எப்போதும் கன்னமாகவே இருந்தோம். அதனால் அந்த உபதேசத்தைக் கன்னத்தின் பக்கமிருந்தே படித்தீர்கள். இன்று, இவ்வளவு பேருக்கு முன்னால், ஒலிபெருக்கியோடு, நம் வீட்டில் முதல் முறையாக ஓங்கிய கை என்னுடையதாக இருந்தது. அறைகிறவனிடம் போய்ப் படித்துக் காட்டுங்கள் என்றீர்களே. நான் எனக்கே படித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

கையைக் கீழே இறக்கினேன். என்ன சொல்லி முடித்தேன் என்று நினைவில்லை. "வணக்கம்" மட்டும் நினைவிருக்கிறது. இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முடிவு சரியாக இல்லையாம்! அவர்களுக்கு என்ன தெரியும்.

வெளியே வந்தபோது அத்தை என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, "நான் ஒண்ணும் சொல்லல, தாயே" என்று விலகிக்கொண்டார். பின்னால் வசந்தி நின்றாள்.

"நீ சொல்லிப்போடுவேன்னு நெனச்சேன்," என்றாள்.

"சொல்லத்தான் வந்தேன்."

"ஏன் சொல்லலே?"

"தெரியல."

"சாமிக்குப் பயந்தா?"

"எங்க வூட்லயா!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். "எங்கம்மா சொன்னதத்தான் சொன்னேன். தப்புதான்," என்றாள். நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அப்பா. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் பேசிவிட்டேன், ஏழு மாதத்துக்குச் சேர்த்து!

பள்ளிக்கூடத்திலிருந்து பிளாக் வரைக்கும் நடந்தோம். வழியெல்லாம் அவள் கேள்வி. சாமி இல்லையென்றால் யாரும் பார்க்காத இடத்தில் ஏன் திருடக்கூடாது? அதற்கு நீங்கள் சொன்ன கான்ட்ராக்டு, பர்மனென்டு கதையையே சொன்னேன். பகைவனையும் நேசி என்பதற்கு என்ன குறி? பெருக்கல் குறி என்றேன். ஏன் என்றாள். நீங்கள் காரணம் சொன்னதில்லையே! நாம் அந்தப் பக்கத்தைப் பேசவே இல்லை. அதற்குள் அவள் வீட்டு வாசல் வந்துவிட்டது. "நாளைக்குச் சொல்லோணும், உங்கப்பா சொன்னது வேண்டாம், நீ சொல்லு," என்று உள்ளே ஓடிவிட்டாள்.

பகைவனை நேசிக்க முடியுமா, அப்பா? கோபத்தை வைத்துக்கொண்டே ஒருத்தியோடு வீடு வரைக்கும் நடக்க முடிகிறது என்பது இன்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது நேசமா, வேறு ஏதாவதா? அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். ஒரு வரிகூட உங்களைக் கேட்காமல் நானே யோசித்து நாளைக் காலைக்குள் அவளுக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.