ஒற்றை ஆளாய்த் தூக்கிய அண்டா

அன்புள்ள ஹிலரிக்கு,

நலம்தானே? உன் அம்மாவின் மூட்டுவலி தேவலையா? ஹடர்ஸ்ஃபீல்டில் இன்னும் பனியா? இங்கே பிளிமத்தில் ஓயாத மழை.

ஞாயிறன்று நாம் வீட்டில் போடும் பிட்டர் பீரைக் காய்ச்சினேன். டப்பாவில் விற்கும் மால்ட் பாகு வேண்டாமென்று, முளைகட்டிக் காயவைத்து நொறுக்கிய பார்லி மால்ட்டையே வெந்நீரில் ஊறவைத்து, சாறு வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டேன். ஆறவைக்க அண்டாவைத் தூக்கியபோது மறுபக்கம் பிடிக்க நீ இல்லை. அது சாய்ந்து, பாதி சாறு இடது காலில் கொட்டிவிட்டது. பயப்படாதே, கொப்புளம்தான்.

கீழ்வீட்டு மிஸஸ் ட்ரெவின் மேலே வந்துவிட்டார். "என் சீலிங்ல கசாயம் சொட்டுது. இங்க என்ன சாராயக்கடையா நடத்துற?" என்றவர், காலைப் பார்த்ததும் என்னைக் குளியல் தொட்டி விளிம்பில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்துவிட்டார்.

"இத்தனை பெரிய அண்டாவை ஒத்தையில தூக்குவியா, மண்டு? பொண்டாட்டி இல்லையா உனக்கு?"

"இருக்கா. ஊர்ல இருக்கா," என்றேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கப்பல் பட்டறைக்கு இரண்டு வாரம் போக முடியாது. கட்டின் மேல் போட, நீ எடுத்துப்போன என் பழைய கம்பளிக் காலுறையை அனுப்பு. மீந்த சாற்றை வாளியில் ஊற்றி ஈஸ்ட் போட்டேன்; அது நுரைக்கிறது. பகலெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்கிறேன்.

தினமும் சூப் கொண்டுவரும் மிஸஸ் ட்ரெவினிடம், நீ சனிக்கிழமை வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். அம்மாவைத் தனியே விட்டு உன்னால் வர முடியாதென்று தெரியும். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இதைத் தபாலில் போட அவர் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

உன்,
காலின்