பெல்ட் இழுத்த துண்டு

மஸ்கட், 12.8.1979

அன்புள்ள அப்பாவுக்கு மருதையனின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

போன வாரம் பட்டறையில், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் குனிந்து பார்த்தபோது தோளில் கிடந்த துண்டைப் பெல்ட் இழுத்துக்கொண்டது. துண்டுதான் போனது, எனக்குக் கழுத்தில் சிராய்ப்பு மட்டுமே.

நாம் ஏழு குடும்பம் சேர்ந்து வாங்கிய பழைய டிராக்டரிலும் பெல்ட் திறந்தே ஓடுகிறது. எஞ்சினை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். துண்டையும் கழற்றி வையுங்கள்.

“மிராசுதாருக்கே இறக்காத துண்டுடா இது, மிஷினுக்கு இறக்குவேனா?” என்பீர்கள். அதற்காக நீங்கள் பட்ட அடியைப் பார்த்தவன் நான். மிராசுதார் ஆள் பார்த்து அடித்தார். பெல்ட் ஆள் பார்க்காது, அப்பா. வேலை முடிந்ததும் அதே தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்கு அழைத்துப்போகும் லாரி வந்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் மூஸா விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறான், அவனிடம் எனக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள். புதிது வேண்டாம். நீங்கள் போட்டிருந்ததே வேண்டும்.

மருதையன்