ஆறு துளையும் மூன்று பொத்தானும்

1854 ஏப்ரல் 24, திங்கள்

மில்லுக்குப் பெட்டிகள் வந்துவிட்டன. எங்கள் பேண்டின் தலைவன் ஈனாக் வைக்கோலை விலக்க விலக்க, பன்னிரண்டு பித்தளைக் கொம்புகள்! எனக்குப் பெரியது, கீழ்ச்சுரத்துக்கு. மூன்றே பொத்தான். அதற்குள் எல்லாச் சுரமும் இருக்கிறதாம். இதை யோசித்தவன் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இருபது வருடம் தேவாலயத்தில் நான் ஊதியது பாம்புக் குழல். பாம்பாக வளைந்த மரம், மேலே தோல், ஆறு துளை.

"போட்டியில பித்தளைக்குத்தான் இடம், ஜேபஸ். ஜூன் அஞ்சு, பெந்தெகொஸ்து பண்டிகைத் திங்கள் அன்னிக்குப் போட்டி, அதுக்குள்ள பழகிக்கோ. அன்னிக்குச் சொதப்பினா கொம்பு வேற ஆளுக்குப் போயிரும்" என்றான் ஈனாக்.

மே 3

இல்லாத துளையை விரல்கள் தேடுகின்றன. இடது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மே 14

"பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா, மாடு வாங்கியிருக்கீங்களான்னு" என்கிறாள் கெசையா. கட்டிக்கொண்டவளே இப்படி! சிரித்தேன். உள்ளுக்குள் பயம்தான். பேண்டு இல்லாவிட்டால் நான் யார்? தறிக்கு எண்ணெய் போடுகிறவன், அவ்வளவுதானே?

ஜூன் 4

நாளை போட்டி. கொம்பை மூன்றாம் முறையாகத் துடைத்துவிட்டேன்.

ஜூன் 6

நடந்ததை எப்படி எழுத?

யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமலிருக்க நடுவரை மூடிய கூடாரத்துக்குள் உட்கார வைத்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் நாங்கள் ஏழாவதாக வாசிக்க வேண்டும் என்று வந்தது. வேகமான பகுதியில் ஒரு பிசகும் இல்லை. பிறகு மெதுவான பகுதி தொடங்கியது.

கடவுளே. பழகும் கொட்டகைக்குள் இத்தனை நாள் கேட்டதுதான். திறந்த வெளியில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், அது வேறாக இருந்தது. காலையில் ஒரு துண்டு இறைச்சிப் பணியாரத்துக்கு அடித்துக்கொண்ட எங்கள் ஆட்களா இவர்கள்? தறிச் சத்தத்தில் பாதி செவிடான என் காதுக்குள் அது முழுசாக நிறைந்தது. கண்ணில் தண்ணீர்.

சுயநினைவு வந்தபோது அந்தப் பகுதியே முடிந்திருந்தது. கொம்பு உதட்டில் இருக்கிறது. நான் ஊதவே இல்லை!

எங்களுக்கு இரண்டாம் பரிசு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 9

நடுவரின் குறிப்பை ஈனாக் சத்தமாகப் படித்தான். 'மெதுவான பகுதியில் கீழ்ச்சுரக் கொம்புகள் அடங்கி ஒலித்த பாங்கு வேறெந்தக் குழுவிடமும் இல்லை.' எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். கூசிப்போனேன்.

ஜூன் 11, ஞாயிறு

பொறுக்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் ஈனாக்கைத் தனியாகப் பிடித்தேன். கொம்பு போனால் போகட்டும்.

"அந்தப் பகுதியில நான் ஊதலைய்யா. கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீ நுழையிற இடத்துல நான் தாளக்கோலைக் காட்டணும்ல? காட்டல. நானும் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன், கை மேலயே நின்னுபோச்சு." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொல்லித் தொலைக்காத. செவ்வாய்க்கிழமை கொம்போட வந்துரு. அந்தப் பகுதிய இன்னொரு தடவ கேக்கணும் எனக்கு."