ஆனி முடியறதுக்குள்ள தோக்கணும்

ஜூன் 17, செவ்வாய்

விதைக்கடலைக்கு மல்லாட்டை உடைக்க உக்காந்தோம். மழை வர்ற மாதிரி மூட்டம் போட்டுக்கினு நின்னுச்சி, வரல. தரகர் சுப்பிரமணி போன் பண்ணாரு. போளூர்லேர்ந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க எப்ப வரலாம்னு கேக்கறாங்களாம். பத்து நாளு பொறுங்கன்னேன்.

ஏன் பத்து நாளுன்னா, ஞாயித்துக்கெழம வூட்ல பெரிய பேச்சாயிடுச்சி. எம்பொண்ணு வினோதினி டவுன்ல காலேஜி படிக்கிறா. பேஸ்பால்னு ஒண்ணு ஆடறா. "இந்த லீக்கு முடியற வரைக்கும் யாரையும் கூப்புடாத நைனா"ன்னு ஒரே அழுவ. அவ படிப்பு இன்னும் ஒரு வருசம் இருக்குது, அதுக்கும் சேத்து அழுவ. இன்னா லீக்குன்னு விசாரிச்சேன். ஆறு டீமாம். இவங்க ரெண்டு ஆட்டம் ஆடி ரெண்டும் தோத்துட்டாங்களாம்.

சரி, தோக்கற டீம் எத்தினி நாளு தாங்கும்? வாசல்ல மலை தெரியற பக்கமா கற்பூரம் ஏத்தி, "உங்க டீம் போட்டிய வுட்டு வெளிய வர்ற வரைக்கும் யாரையும் வரச் சொல்லமாட்டேன்"னு சத்தியம் பண்ணி உள்ளங்கையால அணைச்சிட்டேன். கற்பூரம் அணைச்சத எங்க வம்சத்துல யாரும் மீறினதில்ல. எங்க பெரியப்பா பீடி பத்த வெக்கமாட்டேன்னு அணைச்சிட்டு, சாவற வரைக்கும் சும்மா பீடிய வாயில வெச்சிக்கினு உக்காந்திருப்பாரு. அது வேற கதை.

நான் அணைக்கறப்ப எம் பொண்டாட்டி கஸ்தூரி சிரிச்சா. எதுக்கு சிரிச்சா?

ஜூன் 22, ஞாயிறு

டவுனுக்குப் போயி ஆட்டத்த நேர்ல பாத்தேன். எப்ப முடியும்னு தெரியணும் இல்ல? கீழ்பென்னாத்தூர்ல பஸ் ஏறி, காலேஜி கிரவுண்டு ஓரமா வேப்பமர நெழல்ல உக்காந்துக்கினேன்.

ஆட்டம் புரியறதுக்கே ஒரு மணி நேரம் ஆயிடுச்சி. ஒருத்தி எறியறா. எதுத்தாப்ல நிக்கறவ கட்டையால அடிக்கணும். மூணு வாட்டி வுட்டா அவுட்டு. பட்டுச்சின்னா நாலு மூலையும் ஓடி சுத்தி வரணும். கிரிக்கெட்டுல தட்டிட்டு அங்கியே நின்னுக்கலாம், இதுல அந்தக் கதையே கெடையாது. பட்டா ஓடித்தான் ஆவணும். கல்யாணம் மாதிரி.

எனக்கு மாடு பாக்கத் தெரியும். சந்தையில பல்லப் புடிச்சி பாக்கறவன் இல்ல நானு, நடக்க வுட்டு பாப்பேன். அப்பிடியே இந்தப் பொண்ணுங்களயும் பாத்தேன். மொதல்ல அடிக்க வர்ற குட்டப் பொண்ணு நல்லா ஓடறா, ஆனா கட்டைய ஒலக்க மாதிரி தூக்கறா. நாலாவதா வர்ற நந்தினி ஒருத்திதான் அடிக்கிறவ. பட்டா போச்சி, பந்து காம்பவுண்டுக்கே போவுது. பட்டாதான்! மத்ததுங்க காத்த அடிக்குதுங்க.

தடுக்கறதுல? மூணாவது மூலையில கவிநிலான்னு ஒரு பொண்ணு. வேகமா வர்ற பந்தெல்லாம் புடிக்கிறா. மெதுவா முன்னாடி தட்டி வுட்டா மட்டும் ஓடியாரமாட்டேங்கறா, கால் பின்னாடி போவுது. தண்ணியப் பாத்த கன்னுக்குட்டி மாதிரி. அவ பக்கத்துல, ரெண்டாவது மூலைக்கும் மூணாவதுக்கும் நடுவுல, எம்பொண்ணு. அவளப் பத்தி நான் சொல்லக் கூடாது. நல்லாத்தான் ஆடறா.

இந்த டீம் தேறாதுன்னு முடிவு பண்ணி எழுந்திருக்கறேன், ஜெயிச்சிட்டாங்க!

எப்பிடி? எதிர் டீமு வேணும்னே வுட்டுக் குடுத்தாங்களா? கோச்சு இளஞ்செழியன் சாரு அவங்க சாரோட தோள்ல கை போட்டுக்கினு சிரிச்சிக்கினு இருந்தாரு. நான் பாத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

கஸ்தூரி ஒரு தட்டு முட்டை வாங்கியாந்திருக்கா. யாருக்குன்னேன். "ஆடற புள்ளைக்கு"ன்னா. அப்ப ஆட்டம் நீளும்னு இவளுக்கு முன்னாடியே தெரியுமா?

ஜூன் 29, ஞாயிறு

தோத்தாங்க. நந்தினி மூணு தடவையும் காத்த அடிச்சிட்டு வந்து உக்காந்தா. எனக்கு சந்தோசமா இருந்திருக்கணும். போண்டா வாங்கினேன், பாதி தின்னுட்டு நாய்க்குப் போட்டேன். எண்ண சரியில்ல.

முடிஞ்சிதான்னு இளஞ்செழியன் சாரக் கேட்டேன். "இல்லீங்கய்யா, கடைசி ஆட்டம் நாம ஜெயிச்சி, செங்கம் டீம் தோத்தா நாலாவது இடம் கெடைக்கும். மொத நாலு பேரு அரையிறுதி"ன்னாரு.

அது எப்பிடி, இன்னொருத்தன் தோத்தா நாம மேல போறது? எம் மல்லாட்டை காய்க்கலன்னா பக்கத்து கொல்லைக்காரனுக்கு ஜாஸ்தி காய்க்குமா? இந்தாளு கணக்கு தெனம் ஒண்ணா இருக்குது.

ஜூலை 3, வியாழன்

சுப்பிரமணி நேர்லயே வந்துட்டாரு. மோரு குடிச்சாரு, கொல்லையப் பாத்தாரு, எங்க அண்ணன் கல்யாணத்துல ரசம் தீஞ்ச கதைய எடுத்தாரு. அது தீயல, மொளகு ஜாஸ்தி ஆயிடுச்சி. எத்தினி தடவ சொன்னாலும் தீஞ்சதுன்னுதான் சொல்லுவாரு.

கடைசியா விசயத்துக்கு வந்தாரு.

"தருமா, ஆனி முடியப் போவுது. ஆடி பொறந்தா பொண்ணு பாக்க வரமாட்டாங்க. ஆவணி வரைக்கும் உனுக்காக காத்துக்கினு இருக்கமாட்டாங்க. பையன் ஓசூர்ல நல்ல கம்பெனி. இன்னான்னு சொல்றது நானு? பந்து வெளையாடி முடிக்கட்டும்னா? கைகொட்டி சிரிப்பாங்க."

பதினாறாந் தேதிக்குள்ள சொல்றேன்னேன். ஞாயித்துக்கெழம இவங்க தோத்துட்டா எல்லாம் சரியாப் போவும்.

வினோ உள்ள இருந்துக்கினே துணி மடிச்சா. ஒரே பாவாடைய ரொம்ப நேரம் மடிச்சா.

ஜூலை 6, ஞாயிறு

ஜெயிச்சாங்க. செங்கம் தோத்துட்டாங்க. எனுக்கு எதிரா ஊரே சேந்துக்கிச்சா?

வினோ ஒரு பந்து தாவிப் புடிச்சா பாரு! ஒடம்பு தரைக்கு சமமா போச்சி. பக்கத்துல நின்னவரு "யாருங்க அந்தப் பொண்ணு?"ன்னாரு. தெரியலன்னு சொல்லிட்டேன். ஏன் அப்பிடி சொன்னேன்?

அரையிறுதி பதிமூணாந் தேதி, ஆரணி டீமோட. ஆரணி ஒண்ணுல கூட தோக்கலியாம். அப்ப சரி. அன்னிக்கி ஆட்டம் முடிஞ்சிட்டா பதினாறு புதங்கெழம பொண்ணு பாக்கலாம்னு சுப்பிரமணிக்கு சொல்லிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கஸ்தூரி சோறு போடறப்ப கேட்டா: "ஏங்க, ஊர்ல எல்லாம் புள்ளைங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கிறாங்க. நீங்க இன்னா வேண்டிக்கிறீங்க?"

"நான் இன்னாத்த வேண்டிக்கினேன்? மழை வரணும்னு வேண்டிக்கினேன்."

"ஞாயித்துக்கெழம மழை வந்தா ஆட்டம் தள்ளிப் போவும். அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

உரம் வாங்க டவுனுக்குப் போனேன். பௌர்ணமின்னு யோசிக்காம போயிட்டேன், புத்தி எங்க இருந்துச்சோ. காலையிலயே கிரிவலக் கூட்டம். பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். மூட்டையத் தூக்கிக்கினு எப்பிடி வர்றதுன்னு உரமே வாங்கல. நடந்து நடந்து காலேஜி பக்கம் போயிட்டேன். டீக்கடையில ஒக்காந்தேன்.

அங்க ஒரு ஆளு. நெத்தி நெறைய விபூதி, கழுத்துல விசில். கிரிவலம் வந்தவன் அப்பிடியே கிரவுண்டப் பாத்துட்டு போலாம்னு வந்தானாம். ஆரணி டீமோட வந்தவன். நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லல.

"திருவண்ணாமலை டீம் எப்பிடிங்க?"ன்னான்.

பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது, அது ஊருக்கே தெரியும். நந்தினி பட்டா காம்பவுண்டுக்கு அடிப்பான்னேன். குட்டப் பொண்ணு ஓட்டத்த சொன்னேன். அவன் டீய கீழ வெச்சிட்டு, "மூணாவது மூலை?"ன்னான்.

எழுந்து நின்னு காட்டினேன். மெதுவா தட்டினா அந்தப் பொண்ணு இப்பிடி பின்னாடி போவான்னு, கால எடுத்து வெச்சிக் காட்டினேன். கடையே சிரிச்சிது. அவன் மட்டும் சிரிக்கல. தலைய ஆட்டிட்டு போயிட்டான்.

நானா போயி சொன்னேன்? அவன் கேட்டான். கண்ணு இருக்கறவன் வந்து பாத்தா அவனுக்கே தெரியப் போவுது. சத்தியத்துல இத பேசக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. யாரையும் வரச் சொல்லலியே நானு.

அப்பறம் ஏன் டீ கசந்துச்சி?

ஜூலை 11, வெள்ளி

வினோ இன்னிக்கி தானா வந்து எனக்குத் தண்ணி மொண்டு குடுத்தா. சிரிச்சா. எதுக்கு?

ஜூலை 13, ஞாயிறு

எழுதக் கை வரல. எழுதிடறேன்.

கிரவுண்டுல நல்ல கூட்டம். செங்கம் ரோட்டுல ஆசிரமத்துக்குப் பக்கத்துல தங்கியிருக்கற வெள்ளைக்காரங்க நாலஞ்சி பேரு கூட வந்து தரையில உக்காந்திருந்தாங்க. நான் அதே வேப்பமரம். விசில்காரன் மைதானத்துக்கு அந்தாண்ட. நான் துண்ட எடுத்து தலையில போட்டுக்கினேன்.

ஆரணிக்காரங்க அடிக்க வந்தாங்க. மொத பொண்ணு கட்டைய நீட்டி, சும்மா கொழந்தைய தட்டற மாதிரி தட்டினா. பந்து மூணாவது மூலைப் பக்கமா உருண்டுச்சி. கண்ண மூடிக்கினேன்.

கூட்டம் கத்திச்சி. தெறந்து பாத்தா, மூணாவது மூலையிலேர்ந்து முன்னாடி பாஞ்சி வந்து வெறுங்கையால பந்த அள்ளி மொத மூலைக்கு எறிஞ்சிட்டு நிக்கறா — வினோ. கவிநிலா இல்ல! கவிநிலா வினோவோட எடத்துல நிக்கறா. ரெண்டு பேரும் எடம் மாத்திக்கினு இருக்காங்க.

ரெண்டாவது பொண்ணும் தட்டினா. வினோ தட்டறதுக்கு முன்னாடியே பாதி தூரம் வந்துட்டா. அவுட்டு. அப்பறமும் ரெண்டு பேரு தட்டிப் பாத்தாங்க. அதுவும் அவுட்டு. விசில்காரன் அந்தாண்டலேர்ந்து என்னத் தேடிக் கண்டுபுடிச்சி ஒரு பார்வ பாத்தான். ஏமாத்திட்டியேடா கெழவான்னு.

ஒரே ஒரு ஓட்டத்துல ஜெயிச்சாங்க. நந்தினிக்கு பட்டுச்சி. காம்பவுண்டுக்கு மேலியே போச்சி.

திரும்பறப்ப ஒரே பஸ்ஸு. வினோ முன்னாடி சீட்டு, நான் பின்னாடி. திரும்பிப் பாக்கல.

ஜூலை 14, திங்கள்

பொழுது விடிஞ்சதும் வினோ கொல்லைக்கு வந்தா. நான் வரப்புல ஒக்காந்திருந்தேன். அவளும் ஒக்காந்தா.

"டீக்கடைக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடையில நின்னுக்கினு இருந்தேன் நைனா."

நான் வரப்புல மொளச்ச கோரையப் புடுங்க ஆரம்பிச்சேன்.

"நீ பேசினது கேக்கல. கால பின்னாடி வெச்சி காட்டினியே, அது போதும். அது கவிநிலான்னு எனுக்குத் தெரியாதா? அந்தாளு விசிலும் எனுக்குத் தெரியும்."

"அப்பவே ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

உண்மைதான். எதாவது கதை சொல்லியிருப்பேன். மாட்டுச் சந்தையில ஆரம்பிச்சி எங்கியாவது கொண்டு போயி வுட்டிருப்பேன்.

"உங்க சாருக்கு சொன்னியா?"

"இல்ல. கவிநிலாவுக்கு கால் வலின்னு சொல்லி மாத்திக்கினோம். அவளுக்கும் ஏன்னு தெரியாது." எழுந்து பாவாடையில மண்ணத் தட்டினா. "எங்க அப்பா இப்பிடி பண்ணாருன்னு யாருகிட்ட நைனா சொல்லுவேன்?"

அடிச்சிருந்தா தேவல.

ஜூலை 16, புதன்

சுப்பிரமணிக்கு போன் பண்ணி வர வேணாம்னேன். "ஏன்யா, பந்து இன்னும் உருளுதா?"ன்னாரு. ஆமா, உருளுதுன்னேன். போளூர்க்காரங்க ஆரணி பக்கம் ஒரு எடம் பாத்து வெச்சிருக்காங்களாம். ஆரணியா! அங்கியும் ஆரணிதானா? வேணும்னே சொல்றாரான்னு தெரியல.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. கூழு. கஸ்தூரி எனுக்கு ஊத்தினது தண்ணியா இருந்துச்சி. அவளுக்கும் தெரிஞ்சிப் போச்சி போல.

ஜூலை 20, ஞாயிறு

இன்னிக்கி வேலூர்ல கடைசி ஆட்டம். வினோ இருட்டோட கெளம்பி டீமோட வேன்ல போயிட்டா. நீ வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. அவங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா. நான் ஏர் ஓட்டின கொல்லையில விதை போடப் போயிட்டேன். வெள்ளிக்கெழம பேஞ்ச மழையில ஈரம் நல்லா இருக்குது.

வெயில் ஏறினதுக்கு அப்பறம் போன்ல ஒரு வீடியோ வந்துச்சி. வினோதான். எதிர் டீமு பொண்ணுங்க அடிச்சிப் பழகறது. அதுக்குக் கீழ வாய்ஸ் மெசேஜ்ல பேசியிருந்தா: "பாத்துட்டு சொல்லு. யாரு எங்க தடுமாறுவாங்க."

நம்பிக் கேக்கறாளா? இல்ல, நான் இன்னா சொல்றனோ அதுக்கு நேர்மாறா செய்யலாம்னு கேக்கறாளா? அப்பிடி செஞ்சாலும் அவ மேல தப்பு இல்ல.

துண்ட தலைக்கு மேல போத்திக்கினு அதே வீடியோவ திருப்பித் திருப்பி பாத்தேன். விதைக்கற பொம்பளைங்க ஒடம்பு சரியில்லியான்னு கேட்டாங்க. அஞ்சாவதா வர்ற ஒசந்த பொண்ணு, பந்து ஒடம்புக்குக் கிட்ட வந்தா பொளக்கறா. தள்ளிப் போட்டா எட்டாது, ஏன்னா கால மொதல்லியே பரப்பி வெச்சிடறா. அத மட்டும் சொன்னேன். சந்தைக் கதை எதுவும் சேக்கல. எம் ஆயுசுல அவ்ளோ கம்மியா நான் எப்பவும் பேசினதில்ல.

பதில் வரல.

சாயங்காலம் கஸ்தூரி போன்தான் அடிச்சிது. அவ கேட்டுட்டு எங்கிட்ட நீட்டினா.

"தோத்துட்டோம் நைனா. ஒரு ஓட்டத்துல."

"அந்த ஒசந்த பொண்ணு?"

"தள்ளித்தான் போட்டோம். ஒண்ணு கூட படல. வேற ஒருத்தி அடிச்சிட்டா, நீ சொல்லாதவ."

சொல்லியிருக்கணும். அவளயும் பாத்தேன், சின்னப் பொண்ணுன்னு வுட்டுட்டேன். வேன்ல மத்த பொண்ணுங்க பாட்டு பாடற சத்தம் கேட்டுச்சி. தோத்துட்டு பாடுதுங்க.

"சரி, அடுத்த லீக்கு எப்ப?"ன்னேன்.

பாட்டு மட்டும் கேட்டுச்சி.

"எதுக்கு கேக்கற?"ன்னா.