கண்ணை மூடிக்கொண்டு பார்த்த ஆட்டம்

சம்பந்தி,

நேற்று சாயங்காலம் என் சமையலறையில் மறுபடியும் அந்த வாடை எழுந்தது. வாத்து இறகில் ஆவி பட்டால் வருமே, அந்த ஈர வாடை. கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான், நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று எழுந்தே விட்டேன். உள்ளே நின்றவள் உங்கள் மகள் பவித்ரா. கெட்டில் மூக்குக்கு நேராக ஷட்டில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போலவே உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். சூடு தாங்க உங்கள் இட்லித் துணியைக் கையில் சுற்றியிருந்தாள். மார்கழியில் நீங்கள் போனதிலிருந்து அவள் மல்லேஸ்வரத்தில் எங்களோடுதான் இருக்கிறாள்.

ஆவி காட்டி ஒரு ராத்திரி மூடி வைத்தால் இறகு சீக்கிரம் ஒடியாது. நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். அந்த வாடை வந்தால் மறுநாள் ஆட்டம் என்று அர்த்தம்.

நம் பெண்களுக்கு அப்போது பதின்மூன்று வயது. என் பேத்தி மாலினியையும் உங்கள் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இனி பேட்மிண்டன் இரட்டையர் ஆட்டத்தில் நீங்கள்தான் ஜோடி என்று கோச் சொன்ன அன்று, கேலரியில் நாம் இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்களாக உட்கார்ந்திருந்தோம். நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"கோச்சே பொருத்தம் பாத்துட்டாரு. ஜாதகம்கூட கேக்கல. இனிமே நாம சம்பந்திதானே?"

"ரெண்டும் பொண்ணாச்சேம்மா!"

"அதனாலென்ன, மாப்பிள்ளை வீட்டு முறுக்கு இருக்காது."

அன்றிலிருந்து பத்து வருஷம். ஸ்ரீராமபுரத்தில் உங்கள் தட்டு இட்லிக் கடையில் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் கை துடைத்துக்கொண்டு ஓடி வருவீர்கள். தோளில் அந்தத் துணி இருக்கும். மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விட, நான் பஸ் பிடித்து மாலினியோடு வந்திருப்பேன். வெளிமாநிலம், வெளிநாடு என்று அவர்கள் போக ஆரம்பித்த பிறகு என் போனில் சேர்ந்து பார்த்தோம். ஐந்தாவது வரை படித்த எனக்குப் பாயிண்டு எண்ணத் தெரியுமா என்று ஒருத்தி சிரித்தபோது, "இருபத்தொண்ணு வரைக்கும் எண்ண அஞ்சாங்கிளாஸ் எதுக்கு, ஒண்ணாங்கிளாஸே ஜாஸ்தி" என்று நீங்கள் வாயை அடைத்தீர்கள்.

ஆனால் நீங்கள் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. முதல் சர்வீஸ் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

"பாத்தா நெஞ்சு படபடங்குது சம்பந்தி. காது போதும் எனக்கு."

பவித்ரா பின்னாலிருந்து எகிறி அடிக்கும்போது எழும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவீர்கள். "இது முழு அடி." "இதுல கைய இழுத்துட்டா, பயந்துட்டா." ஒரு தடவைகூட அது தப்பியதில்லை.

மாலினி வலைக்குப் பக்கத்தில் முன்னால் நிற்பாள். பவித்ரா பின்னாலிருந்து அடிப்பாள். அடிக்கிற பந்து மாலினியின் காதை உரசுகிற மாதிரி போகும். கோச் அவளிடம் தினம் சொன்னது ஒன்றுதான்: "முன்னால நிக்கிறவ திரும்பவே கூடாது. பின்னால இருக்கிறவளை நம்பணும்." எனக்குத்தான் அந்த நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என் பேத்தியின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் ஆடி மாதம் ஒரு காலை. வெறும் பயிற்சி ஆட்டம். கேலரியில் நம் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. பந்து உயரப் போயிற்று. பவித்ரா எகிறினாள். அன்று மாலினி வழக்கத்தைவிட நடுவில் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. "மாலினி, பாத்து!" என்று கத்திவிட்டேன். பின்பக்கக் கேலரியிலிருந்து என் குரல் கேட்டு அவள் தலையைத் திருப்பினாள். பந்து வலது கண்ணில் அடித்தது.

அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, பார்வையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் மகள் சுவரோரமாக நின்றாள். நான் அவளிடம் போய், "உன் கையில என்ன பேயா புகுந்துச்சு? அவ முன்னால நிக்கிறது தெரியலையா? இனிமே என் பேத்திக்குப் பின்னால நிக்காதே" என்றேன். அவள் தன் வலது கையைக் குனிந்து பார்த்தாள்.

நான் கத்தியதை நீங்கள் கேட்டிருந்தீர்கள். என் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நீங்கள். உங்கள் பெண்ணை அப்படிப் பேசும்போது ஒரு வார்த்தை நீங்கள் திருப்பிச் சொல்லியிருக்கலாம். "காபி குடிக்கிறீங்களா சம்பந்தி?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மாலினிக்கு என்ன நினைவு இருந்ததோ தெரியாது. எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டது என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். நீங்கள் தினம் தூக்கில் இட்லி கொண்டுவந்தீர்கள். ஒரு நாள் நானே ஆரம்பித்தேன், "அன்னிக்கு நான்..." என்று.

"பேடா," என்றீர்கள் பாதிக் கன்னடத்தில். "வேணாம் சம்பந்தி. பாப்பா கண்ணு முதல்ல சரியாகட்டும். அப்புறம் நீங்களே பவித்ராகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

கண் சரியாயிற்று. விளையாட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடலாம் என்று டாக்டர் சொன்னார். நான் சொல்லவில்லை. நாளை சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு காலை உங்களுக்குக் கடையிலேயே நெஞ்சு வலி வந்து, நீங்கள் போய்விட்டீர்கள். இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு கணம் மனசு லேசாயிற்று சம்பந்தி. உங்களைக் கிடத்தியிருந்த இடத்திலேயே அப்படி நினைத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு பெண்கள் தோற்க ஆரம்பித்தார்கள். வரிசையாக நாலு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். மாலினி முன்னால் நின்றால் பவித்ரா அடிக்க மாட்டாள். பந்தை மெதுவாகத் தள்ளுவாள். இந்தப் போட்டியிலும் இப்படியே ஆடினால் ஜோடியைப் பிரித்துவிடுவேன் என்று கோச் சொல்லிவிட்டார். கேலரியில் நான் கண்ணை மூடிப் பார்த்தேன். நீங்கள் சொல்வீர்களே, கையை இழுத்துக்கொண்ட அடி என்று, அந்தச் சத்தம்தான் எல்லாம்.

நேற்று அந்த வாடையில் போய் நின்றேன். அடுப்பை அணைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். என் வாயால், முழுக்க.

பவித்ரா டப்பாவைக் கீழே வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே." அழுதாள். பிறகு கோபம் வந்தது. "ஒரு வருஷம் பாட்டி! ராத்திரி படுத்தா இந்தக் கைய வெட்டிப் போடணும்போல இருந்துச்சு எனக்கு. தினம் எனக்குச் சோறு போட்டீங்க, இத சொல்ல மாட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வாசலில் மாலினி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பவித்ராவின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

காலையில் நான் காபி கலந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

"நான் வரட்டுமா, வேண்டாமா?"

பவித்ரா ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "வாங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது." உங்கள் இட்லித் துணியை எடுத்து என் தோளில் போட்டாள். "கத்த வந்தா இத வச்சு அடைச்சுக்குங்க."

மாலினி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நம் இடத்தில்தான் இன்று உட்கார்ந்தேன். உங்கள் நாற்காலியில் என் பையை வைத்தேன். முதல் சர்வீஸ் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். துணியை வாயில் வைத்து அழுத்தினேன். எத்தனை துவைத்தாலும் அதில் மாவு வாசம் போகவில்லை. தள்ளிய பந்துகளின் சத்தம் கேட்டது. இரண்டு, மூன்று, நாலு. பிறகு பவித்ராவின் ஷூ பலகைத் தரையை உதைத்து எழும்பிய சத்தம். முன்னால் மாலினி நிற்கிறாள் என்று தெரியும். என் தொண்டை வரை அவள் பெயர் வந்தது. துணியைக் கடித்தேன்.

அடி விழுந்தது. முழு அடி, சம்பந்தி. உங்கள் காது கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

அதற்கப்புறம் அந்த இன்னொரு சத்தம் வருமோ என்று காத்திருந்தேன். என் பேத்தியின் குரல் கேட்டது. "இன்னொண்ணு போடுடி!" என்று கத்தினாள்.

நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது. சமையலறையிலிருந்து வாடை வருகிறது. துணியில் என் பல் பட்டு ஒரு இடம் கிழிந்திருக்கிறது. தைக்காமல் அப்படியே பையில் வைத்திருக்கிறேன்.