ஹம்மிங் அக்காவுக்கு ஒரு பேர் உண்டு

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி, மாடிப்படியைக் கண்டால் எதிர்த்து ஓட்டுப் போடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும், குட்டிக்கு இருமல் விட்டதா என்று எழுது. போனில் நீ சொன்னதற்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன், குட்டி நடுவில் போனைப் பிடுங்கிக்கொண்டதால் பேச்சு மாறிவிட்டது. இந்த வயசுல எதுக்கும்மா கும்பல்ல நின்னு கோரஸ் பாடிக்கிட்டு, நிறுத்திட்டு இங்க வந்துடு என்றாயே, முடியாது. கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் முடியாது.

நான் என்னென்ன பாடினேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. எனக்கே தெரியாது. கடையில் நிற்கும்போது ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடும், அட இது நானாச்சே என்று நிமிர்ந்து பார்ப்பேன், கடைக்காரர் அடுத்து என்னம்மா வேணும் என்பார். படத்தில் குழந்தை பாடினால் நான், கிழவி அழுதுகொண்டே பாடினால் நான், சோப்பு விளம்பரத்தில் குளிக்கிற பெண் நான், அதே நாள் மத்தியானம் டயர் விளம்பரத்தில் ஆண்களோடு நின்று அடித்தொண்டையில் முழங்கியதும் நான். தெரியாத பாஷைப் பாட்டை நம் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடியிருக்கிறேன், கேட்டவர்கள் இந்தம்மா எங்க ஊரா என்று விசாரித்தார்களாம். பெரிய பாடகர்கள் வருவதற்கு முன் முழுப் பாட்டையும் நான் பாடிப் பதிந்து வைப்பேன், அவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுப் பாடி முடித்ததும் என் குரலை அழித்துவிடுவார்கள். நீ வயிற்றில் இருந்தபோது மைக் ஸ்டாண்டில் வயிறு இடிக்கும், பக்கவாட்டில் திரும்பி நின்று பாடுவேன். வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஒருத்தி கையில் சத்தம் வந்தால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இதற்குப் பேர் கும்பலில் நிற்பது இல்லை கண்ணு, தொழில்.

சரி, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், அப்பா சொன்னால் கூட்டிச் சொல்வார். நாங்கள் ஸ்டுடியோவில் ராணியம்மா என்று பேர் வைத்திருக்கிற அந்தப் பெரிய பாடகிக்குப் பாராட்டு விழா. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் பாட்டு உனக்குத் தெரியும், ஆரம்பத்தில் ஒரு ஹம்மிங் மேலே மேலே ஏறிப்போய் உச்சியில் நின்று இறங்குமே, அது நான். பதிவின்போது அவருக்கு அந்த இடம் எட்டவில்லை, நான் பாடினேன், பிறகு அவர் குரல் ஆரம்பிக்கும். ரிக்கார்டு அட்டையில் அவர் பேர் மட்டும். விழா ஏற்பாட்டாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து, மேடையில் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று அதை நான் பாட வேண்டும், ராணியம்மா முன்னால் வாயசைப்பார் என்றார், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு. பாடுகிறேன், திரைக்கு முன்னால் நின்று பாடுகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"யாருக்கும்மா தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

அத்தோடு எழுந்து போய்விட்டார், வைத்த காபி ஆறிப்போனது. அந்த இடத்துக்கு மட்டும் பழைய பதிவையே ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தார்களாம், நம் வயலின் அண்ணன் சொன்னார். என்னை வேண்டாம் என்றுவிட்டு என் குரலையே போடுகிறார்கள், பார்த்தாயா. அண்ணன் இரண்டு பாஸ் கொடுத்தார், அப்பா மானம் கெட்டுப் போய் உட்காரணுமா என்று முறுக்கிக்கொண்டார். நான் பாடியதை நான் போய்க் கேட்பதில் யாருக்கு மானம் போகிறது என்று கேட்டு, அவரையும் அவர் முழங்காலையும் கூட்டிக்கொண்டு போனேன். முன் வரிசைகளில்தான் இடம். அந்தப் பாட்டு வந்தது, அரங்கத்து விளக்கெல்லாம் அணைந்தது, என் ஹம்மிங் ஏறியது, இளம் வயசுக் குரல், கேட்க எனக்கே நன்றாகத்தான் இருந்தது. உச்சியிலிருந்து இறங்கி முடிந்ததும் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்தன, சேர்ந்ததும் காதைப் பொத்த வேண்டியதாயிற்று. ராணியம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மேடை ஏறும்போது சுருதியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், பதிவு ஓட்டுகிறவரிடம் யாரும் சொல்லவில்லை, என் குரல் பழைய சுருதியில், வாத்தியங்கள் கீழே. ராணியம்மா பாடாமல் நின்றுவிட்டார். ஜனங்கள் சலசலத்தார்கள், ஒருவர் விசிலடித்தார். கண்ணுக்கு மேல் கை வைத்து யாரையோ தேடுவதுபோல் பார்த்தார், பார்வை என்னிடம் வந்ததும் கை இறங்கியது.

"ஹம்மிங் அக்கா, கொஞ்சம் மேல வாங்களேன்" என்றார் மைக்கில்.

அப்பா போ போ என்று என் தொடையில் தட்டினார். எழுந்தேன், நகரவில்லை. "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, வர்றேன்" என்றேன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. ராணியம்மா, மேடையில் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த வயலின் அண்ணனைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மறந்துபோகவில்லை, அவருக்கு என் பேர் தெரியவே தெரியாது. இத்தனை வருஷம் ஒரே மைக்கில் மூச்சு விட்டிருக்கிறோம். அண்ணன் சொல்ல வாயெடுத்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். நானே சொன்னேன், முதலெழுத்தோடு. "இந்தப் பாட்டோட ஹம்மிங் நான் பாடினது" என்றும் சொன்னேன். அழுவேன் என்று நினைத்தாயா, குரல் கொஞ்சமும் ஆடவில்லை. ராணியம்மா தலை குனிந்து, என் பேரை இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் மைக்கில் சொன்னார். போனேன். அவர் மைக்கை விட்டு ஒதுங்கி இடம் விட்டார். பாடினேன். உச்சியில் வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன், யார் கேட்பது? கைதட்டல் அடங்கிய பிறகுதான் அவர் ஆரம்பிக்க முடிந்தது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது, ராணியம்மா முழுசாக, நான் முழங்கை மட்டும். அப்பா அதையும் வெட்டி வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் முழங்கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஏற்பாட்டாளர் இனி என்னைக் கூப்பிட மாட்டாராம், கூப்பிட வேண்டாம். குரல் போனால் நானே நிறுத்துவேன், அது வரை உன் ஊர் சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பனியை எண்ணுவதாக இல்லை. லீவுக்கு வருகிறேன், வேலை இல்லாத மாதமாகப் பார்த்து.

நீ ராத்தூக்கம் கெடுத்து வேலை செய்யாதே, குட்டியைக் கத்தாதே கத்தாதே என்று அடக்காதே, கத்தட்டும், தொண்டை திறக்கும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் மூவரும் நிறைவாக வாழ என் ஆசிகள், அப்பாவின் ஆசிகளும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், திங்கட்கிழமை செய்யாதே, எனக்குப் பதிவு இருக்கிறது, ஒரு பொம்மைப் படத்தில் ஆட்டுக்குப் பாடுகிறேன். பேர் போடுவீர்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். போடுகிறார்களாம், ஆட்டுக்குப் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
உன் அம்மா,
பாடகி.