கயாவில் விட்டது

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

தூரதேசத்தில் இருக்கும் மகனுக்கு அப்பா சொல்லி எழுத வைப்பது. இங்கே யாவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டுமாம், எழுதுகிற சங்கீதா சொல்கிறாள். யாவரும் என்று சொல்லும் அளவுக்கு இங்கே ஆள் இல்லை, அதனால் நான் நலம் என்று மட்டும் எழுதச் சொன்னேன். உன் நலத்தைக் கேட்கவில்லை, அதைத்தான் போட்டோவில் நாள் தவறாமல் ஊருக்கே காட்டுகிறாயே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், இல்லையென்றால் அழுவாய். காகிதத்தில் இரண்டும் நடக்காது. சங்கீதா யார் என்று மறந்திருந்தால் சொல்கிறேன், அடுத்த வீட்டுக் குமாரசாமியின் மகள். குமாரசாமி போன மாதம் போய்ச் சேர்ந்தான். உனக்குத் தகவல் வந்து, நீ கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினாயாம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கருடசேவை காட்டினவனுக்கு ஒரு பொம்மை. சரி, பொம்மையாவது வந்ததே.

அத்திவரதர் குளத்தை விட்டு மேலே வந்து, ஊருக்குள் கால் வைக்க இடமில்லாமல், நம் தெருவுக்குள் நாமே நுழைய போலீஸ்காரனிடம் கெஞ்சின வருஷம் அது. அந்தக் கோடையில் தாமல் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வரதர் திரும்பத் தண்ணீருக்குள் போனார், மழையும் வந்தது, புரட்டாசி முடிகிற சமயம் நாங்கள் வடக்கே யாத்திரை போக ரயில் ஏறினோம். அதற்கு அடுத்த வருஷம் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. வருஷத்தின் நம்பர் எனக்குத் தெரியாது, நீ படித்தவன், கண்டுபிடித்துக்கொள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

உன் அம்மா உன்னிடம் கேட்டது ஒரு மாதம் வந்து வீட்டில் இரு என்பது. நீ அனுப்பியது யாத்திரை. சத்யராஜ் என்ற நம்மூர்ப் பையன் சின்னக் குழு, முழுக் கவனிப்பு என்று போர்டு மாட்டிக்கொண்டு ஆட்களைக் கூட்டிப் போகிறான், அவனிடம் எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாய். டெல்லி, ஆக்ரா, காசி, கயா, அப்புறம் நேபாளம், கடைசியில் முக்திநாத். போக்ராவுக்கு நான் நேரா வந்துடறேம்மா, அங்கேர்ந்து மலைக்கு உன் கையப் புடிச்சிக்கினு நானே கூட்டிக்கினு போறேன் என்றாய். அந்த ஒரு பேச்சுக்காக அவள் கிளம்பினாள். சாமிக்காக என்று தெருவில் சொன்னதெல்லாம் பொய். நாங்கள் இரண்டு பேர், குமாரசாமி, கோயிலில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ராஜகோபால், அவர் சம்சாரம், இவ்வளவுதான் குழு. சத்யராஜ் ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்து, கூட்டத்தில் காணாமல் போனால் தொப்பியைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வேன் என்றான். உன் அம்மாவின் கொண்டை மேல் அந்தத் தொப்பி உட்காராது. அதைப் பார்த்துக் குமாரசாமி, அண்ணி, கோபுரத்து மேல காக்கா கூடு கட்டின மாதிரி இருக்குது என்பான். அவள் முந்தானையால் அவனை அடிப்பாள்.

ஒரு பாட்டில் நிறைய புளிக்காய்ச்சல் செய்து துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அது உனக்கு. வடக்கே ரொட்டியும் பருப்பும் தின்று எங்கள் நாக்கு செத்துப்போயிற்று. ராஜகோபால் கோயில் மணியக்காரர் மாதிரி பேசுகிற மனுஷர், அவரே, கலாவதியம்மா, விரல்ல தொட்டு ஒரு நக்கு நக்கிக்கிறேன், பிள்ளை பேர்ல புண்ணியமாப் போகும் என்று கேட்டார். என் புள்ள தொறக்கறதுக்கு முன்னால யார் கையும் படக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆக்ராவில் அந்த வெள்ளைக்கல் சமாதியைப் பார்த்துவிட்டுக் குமாரசாமி, பொண்டாட்டி உசுரோட இருக்கும்போது இவன் ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து பேசியிருப்பான்ற? செத்தப்புறம் கட்டறான் பாரு என்றான். இதை மறக்காமல் வைத்துக்கொள், உனக்குப் பின்னால் வேண்டியிருக்கும்.

கயாவில் பெரிய ஆலமரத்தடியில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரிந்திருக்கும். முன்னோருக்குப் பிண்டம் போட்டபின், ஒரு காய், ஒரு பழம் என்று ஆசைப்பட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும். விட்டால் விட்டதுதான், சாகிறவரை தொடக்கூடாது. நான் பலாப்பழத்தை விட்டேன். ராஜகோபால் கத்தரிக்காயை விட்டார், அவர் சம்சாரம் அவரைப் பார்த்துக்கொண்டே, இவரை விடலாமான்னு கேளு சத்யராஜ் என்றாள். குமாரசாமி பாகற்காயை விட்டான். சத்யராஜ் சிரித்து, பிடிச்சதை விடணும்பா, பிடிக்காததை இல்ல என்றான். எனக்கு உயிருபா பாகற்காய்ன்னா என்று சாமி முன்னால் புளுகினான். ஊர் திரும்பி வந்ததும் அவனுக்குச் சர்க்கரை என்றார்கள். தினம் பாகற்காய் சாப்பிடு என்று டாக்டர் சொன்னார், இவன் கயாவில் விட்டுட்டேனே சார் என்று கையைப் பிசைந்தான். கடைசிவரை தொடவில்லை. கால் புண்ணாகி, காலை எடுத்து, அப்புறம் அவனையே எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் மகள் அழுதுகொண்டே சிரிக்கிறாள், எழுது என்றால் எழுதுகிறாள், உன்னைவிடத் தேவலை. உன் அம்மா மட்டும் எதை விட்டேன் என்று சொல்லவில்லை. மனசுல சொல்லிட்டேன், சாமிக்குக் கேட்டிருக்கும் என்றாள்.

எல்லை தாண்டி போக்ரா போய்ச் சேர்ந்த அன்று நீ போன் செய்தாய். ஆபீசில் லீவு இல்லை என்றாய். சரிப்பா, வேலையப் பாரு என்றாள். மறுநாள் சத்யராஜ் ஓட்டல் மாடிக்கு ஓடி வந்தான். சூதில்லாத பையன், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, அம்மா, அண்ணன் போட்டோ போட்டுக்கிறாரு பாருங்க, நேத்து எடுத்தது என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ சொல்லக் கீழே போய்விட்டான். நீ ஒரு மலையில் நின்றுகொண்டிருந்தாய். எங்கள் மலை இல்லை, வேறு ஏதோ தேசத்து மலை. உன்னோடு பத்துப் பேர், எல்லோருக்கும் ஒரே நிறத்துச் சட்டை, முன்னால் ஒருவன் கொடி பிடித்திருக்கிறான். நீயும் ஒரு சின்னக் குழுவோடுதான் போயிருந்தாய். அவள் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். குளிருக்கு நல்லாத்தான் போத்திக்கினு இருக்கான் என்றாள்.

குமாரசாமிதான் கொதித்தான். போனப் போடு ராமலிங்கம், அண்ணி, நீ அவனப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாலு வார்த்த நாறக் கேளு, அப்பதான் உறைக்கும் என்றான். அப்போதுதான் அவள் சொன்னாள். திட்டணும்னாலும் பேர் சொல்லணுமே குமாரசாமி, அதத்தான் கயாவுல வுட்டுட்டேனே என்றாள். எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. ஆசப்பட்டத வுடுன்னாங்க, எனக்கு அந்தப் பேர வாய் நெறையக் கூப்புடறதவிட ஆச வேற இன்னா இருக்குது, அத வுட்டா புள்ள கண்டிப்பா வந்துடுவான்னு வேண்டிக்கினு வுட்டேன் என்றாள். ராஜகோபால் பதறிப்போய், காய் பழம்தான்மா விடறது, உயிரோட இருக்கற பிள்ளை பேரை யாராவது விடுவாங்களா, இது செல்லாது, திரும்பப் போய் சொல்லிடலாம் என்றார். சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்க இது இன்னா பட்டுப்புடவக் கடையா என்று கேட்டாள். அப்புறம் மடியிலிருந்த துணியை அவிழ்த்து அந்தப் பாட்டிலைத் திறந்து, ஓட்டல்காரனிடம் சோறு வாங்கிப் பிசைந்து, எல்லோர் கையிலும் உருட்டி உருட்டி வைத்தாள். புளிக்காய்ச்சல் நன்றாகவே இருந்தது. இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

முக்திநாத்தில் மேலே போகக் குதிரை இருந்தது, அவள் ஏறவில்லை. மூச்சு வாங்கி வாங்கி நடந்தாள். அங்கே வரிசையாக மாட்டுத்தலைக் குழாய்கள், பனி உருகின தண்ணீர், ஒவ்வொன்றிலும் தலை கொடுத்தாள். போதும் வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. அன்று பிடித்த சளி நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. ஊர் வந்தபின் நீ எத்தனையோ தடவை பேசினாய். ஒரு தடவையாவது உன் பேரை அவள் சொன்னாளா என்று யோசித்தாயா. தெருமுனைக் குழாயடியிலிருந்து முழுப் பேரையும் சுருக்காமல் கத்திக் கூப்பிட்டவள், சாமி, ராஜா, தம்பி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டாய்.

வைகாசியில் அவள் கிடந்தாள். ஊரடங்கு, வாசலில் தகரம் அடித்திருந்தார்கள், குமாரசாமி பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வந்தான். நீ வரவில்லை என்று அதற்காக நான் குறை சொல்லமாட்டேன், அன்றைக்கு ஆகாயமே மூடிக் கிடந்தது. ஆகாயம் திறந்து கிடந்த ஐப்பசியைத்தான் சொல்கிறேன். போனை அவள் காதில் அவன்தான் பிடித்தான். என் பேரச் சொல்லும்மா, ஒரே ஒரு தடவ சொல்லும்மா என்று நீ கதறினது எனக்கே கேட்டது. சாவற நேரத்துல இன்னா அண்ணி விரதம், சொல்லிடு என்று குமாரசாமியும் அழுதான். அவள் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உதட்டில் ரத்தம் வந்தது, பேர் வரவில்லை. பேச்சு நின்னுபோச்சுபா என்று அவன் உன்னிடம் பொய் சொன்னான். அப்புறம் நீ என்னைக் கேட்டாய், அம்மாவுக்கு என் மேல கோவமாப்பா என்று. ஆமாம், கோபம்தான் என்றேன்.

இத்தனை வருஷமும் அதை மாற்றிச் சொல்லவில்லை. குமாரசாமி வாரம் தவறாமல் வந்து, சொல்லிடு ராமலிங்கம், புள்ள பாரத்தோட திரியறான் என்பான். சொன்னால் நீ அழுவாய், அழுதால் உனக்கு லேசாகிவிடும். லேசாக வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. அதற்காக எனக்கு ஒரு ராத்திரியும் தூக்கம் கெடவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீ அனுப்பின பயண விவரத்தை சங்கீதா படித்துக் காட்டினாள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாயாம், வெள்ளைக்காரர்களைச் சின்னக் குழுவாகக் கூட்டிக்கொண்டு பழைய பட்டணங்களையும் மலைகளையும் காட்டுகிற தொழிலாம். அதில் காஞ்சிபுரத்துக்கு அரை நாள். ஏகாம்பரநாதர் கோயில், பட்டுத் தறி பார்த்தல், அப்பா வீட்டுக்குப் போதல், மதியச் சாப்பாடு. தறிக்கும் சோற்றுக்கும் நடுவில் என்னைப் போட்டிருக்கிறாய். அதுகூடப் பரவாயில்லை. முக்திநாத்துக்கு நேரே, மன்னிக்காமல் இறந்த அம்மாவின் கதையை மகன் சொல்வது என்று போட்டிருக்கிறாய், நானும் கூட வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். உயிரோடு இருந்தபோது பக்கத்தில் உட்காரவில்லை, இப்போது ஊரைக் கூட்டி வந்து சமாதி காட்டப் போகிறாய். அவள் மன்னிக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னார்கள், நான் சொன்னேன். அது பொய். நீ வர வேண்டும் என்று இருப்பதிலேயே பெரியதைக் கொடுத்தாள், நீ வராத பிறகும் கொடுத்ததைத் திரும்ப எடுக்கவில்லை. இதுதான் கதை. முக்திநாத்தில் அந்தக் குழாயடியில் நின்று இதைச் சொல்ல முடிந்தால் சொல், நான் தடுக்கவில்லை.

நான் வரமாட்டேன். பயண விவரத்தில் என்னை அடித்துவிடு. வெள்ளைக்காரர்கள் கோயிலைப் பார்க்கட்டும், தறியைப் பார்க்கட்டும், இந்த வீட்டு வாசலில் யாரும் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. வைகாசியில் அவள் திதி வருகிறது, அதற்குத் தனியாக வருவதானால் வா, கொடி பிடிக்காமல் வா. வந்தால் சோறு போடுகிறேன், பேச்சு கொடுப்பேன் என்று எதிர்பார்க்காதே. மலைக்குப் போகும்போது வயதானவர்களை முன்னால் நடக்க விட்டு அவர்கள் நடைக்கு நீ நட, சத்யராஜ் அப்படித்தான் செய்தான். குழாயில் நனைந்தவர்களுக்கு உடனே மாற்றுத்துணி கொடு. கயாவில் அந்த வெள்ளைக்காரர்கள் எதை விடுவது என்று கேட்டால், தின்கிற பொருளில் ஒன்றைச் சொல்லச் சொல். நெஞ்சை மூடிப் போர்த்திக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். அவள் கொடுத்த விலைக்காவது நன்றாக இருந்து தொலை.

இப்படிக்கு,
அப்பா ராமலிங்கம், இடதுகைப் பெருவிரல் ரேகை.

மேலே எங்கும் உன் பேர் இல்லை என்பதைப் பார்த்திருப்பாய். அவள் காதில் விழுந்தால் முகம் சுருங்கும் என்று அப்போது நானும் நிறுத்தினேன், பிறகு அப்படியே பழகிவிட்டது. இப்போது உறையின் மேல் எழுத வேண்டும், உங்க வாயால சொல்லுங்க பெரியப்பா, நானா எழுதமாட்டேன் என்று சங்கீதா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு அந்த ஓட்டல் மாடியில் கேட்டவர்களில் ராஜகோபால் இல்லை, அவர் சம்சாரம் இல்லை, குமாரசாமி இல்லை, சொன்னவளும் இல்லை, என்னை இருக்கிற கணக்கில் வைக்காதே. விட்டது அவள், நான் பலாப்பழத்தைத்தான் விட்டேன், அதனால் எனக்குத் தடையில்லை. அவள் வாய்க்குள் வைத்துக்கொண்டு போனதில் உயிரோடு மிஞ்சி நடமாடுவது ஒன்றுதான், எழுதிக்கொள் சங்கீதா, சுருக்காமல் முழுசாக எழுது, ஆனந்தகுமார்.